பதினாறாவது தோட்டா

சோஃபியாவுக்கு வெளியே, சுற்றுச்சாலை தாண்டினால்
எங்கள் பாக்தாத் வரும்.
முன்பக்கம் மசூதி, பேரீச்சை, ஒரு சலவைக்கடை.
பின்பக்கம் ஒட்டுப்பலகை, ஆணி,
யாரோ குடித்துவிட்டுப் போன காப்பிக் குவளை.
அதற்கும் பின்னால் விதோஷா மலையில் பனி.
பனி ஃப்ரேமுக்குள் வந்துவிடக் கூடாதென்பது
ஒளிப்பதிவாளர் கவலை.
என் கவலை துப்பாக்கி.

விடியுமுன் இரும்புப் பெட்டியைத் திறப்பேன்.
ஒவ்வொரு குழலாக விளக்குக்கு நேரே பிடித்து
அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வருகிறதா பார்ப்பேன்.
நூற்றுப்பத்து ஆயுதத்துக்கு நூற்றுப்பத்துக் கையெழுத்து.
ருமியானா கொஸ்தாதினோவா, ருமியானா கொஸ்தாதினோவா,
எழுதி எழுதி
என் பெயர் யாரோ ஒருத்தியுடையதாகிவிடும்.

மேகஸினில் பதினைந்துதான் கொள்ளும்.
நேற்று போட்டுக் காட்டினார்கள்:
நாயகன் படிக்கட்டில் இறங்கியபடியே
நாற்பத்தொன்று சுட்டான்.
மூன்று டேக்கை ஒரே மூச்சாக ஒட்டியிருந்தார்கள்.
"பதினாறாவது எங்கிருந்து வந்தது?" என்றேன்.
"யாரும் எண்ணமாட்டார்கள் ருமி" என்றார் இயக்குநர்.
நல்ல மனிதர். என் மகள் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பியவர்.

நிஜச் சத்தமும் அவருக்குப் போதவில்லை.
வெட்டவெளியில் சுட்டால்
காய்ந்த பலகை முறிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.
ஒலிக்கூடத்தில் அதற்கடியில்
ஒரு கதவு அறைதலும்
மெதுவாக்கிய புலியுறுமலும் வைத்துத் தைத்தார்கள்.
மூடிய அறையில் முப்பது முறை சுட்டபின்
நாயகன் அவள் காதில் கிசுகிசுக்கிறான்.
அவளுக்குக் கேட்கிறது!
நிஜத்தில் இருவரும்
"என்ன?" "என்ன?" என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.
அந்தப் படத்தை நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை எதிரிகள் முப்பது பேர் தேவைப்பட்டார்கள்.
லவ்வோவ் பாலத்துப் பக்கமிருந்து வேனில் வந்தவர்களில்
நவ்வாஃப் ஒருவர்.
தேர் எஸ்ஸோர்க்காரர். இங்கே டயர் கடையில் வேலை.
எண்பது லெவா, மதியச் சாப்பாடு.
கூரை விளிம்பிலிருந்து சுட வேண்டும், பிறகு சாக வேண்டும்.

சுட்டார்.
நெஞ்சில் பீட்ரூட் சாயம் வெடித்தது.
அவர் பறக்கவில்லை.
சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் போல
சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.
உட்கார்ந்தார்.
பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்கப் போய்
கேட்காமலே விட்டுவிட்டார்.

கட் சொல்ல
யாருக்கோ கொஞ்ச நேரம் பிடித்தது.

"அழகு, ஆனால் யாருக்கும் புரியாது" என்றார் இயக்குநர்.
நவ்வாஃபின் சட்டையைக் கழற்றி
சண்டைக்காரன் கலோயானுக்குப் போட்டார்கள்.
இடுப்பில் கம்பி. மூன்று, இரண்டு, ஒன்று:
கலோயான் ஆறு மீட்டர் பின்னால் பறந்து
தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டு செத்தான்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.
கலோயானுக்கு முதுகுவலி, மூன்று பிள்ளைகள்.

உள்பனியனோடு நின்றிருந்த நவ்வாஃபுக்கு
என் கோட்டைக் கொடுத்தேன்.
எங்கே பார்த்தீர்கள் அப்படி, என்று கேட்கவில்லை.
கேட்கிற மாதிரி பல்கேரிய மொழி
எங்கள் இருவருக்கும் நடுவில் இல்லை,
இருந்திருந்தாலும்.

சாயங்காலம் ஆயுதங்கள் திரும்பி வந்தன.
மூன்று மாதமாக நாயகன்
மேசைமேல் எறிந்துவிட்டுப் போவான், குழல் என் வயிற்றைப் பார்க்க.
நவ்வாஃப் குழலை மண்ணுக்குத் தாழ்த்தி,
மேகஸினைக் கழற்றி,
அறையைத் திறந்து தானும் பார்த்து எனக்கும் காட்டி,
இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பதினொன்று" என்றார். "நாலு இருக்கு."

மேகஸினைக் கவிழ்த்தேன்.
மேசைமேல் உருண்டன,
நாலு.